ஒன்பதாம் பாடத்துக்கு ஓர் உதாரணம்

அம்புலன்ஸிலிருந்து அப்பாவை இறக்கிக்கொண்டிருக்கும்போதே கோயில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. மும்மூன்றாக, நடுவில் ஒரு மூச்சு இடைவெளி விட்டு. மும்மூன்றாக அடித்தால் செத்தது ஆண். இரண்டிரண்டாக அடித்தால் பெண். ஓலைத்தொடுவாயில் இது நான்கு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

யசிந்தா தலைமாட்டைப் பிடித்திருந்தாள். அவளுடைய புருசன் மில்ரன் கால்மாட்டை. இருவரும் படலையடியில் அப்படியே நின்றார்கள். ஊரில் வேறு யாரும் சாகக் கிடப்பதாக இருவருக்கும் தெரியாது.

"யசி, இது எங்களுக்குத்தான் அடிக்கினம் போல" என்றான் மில்ரன்.

"வாயை மூடுங்கோ. அப்பாக்குக் காது கேக்கும்."

அப்பா சிங்கராசாவுக்கு அறுபத்தெட்டு வயது. நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்கும் போய்விட்டது. "இனி வீட்டில வச்சுப் பாருங்கோ" என்று சொல்லி, ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றையும் தந்து ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். அந்த உடம்பில் இன்னும் ஒழுங்காக வேலை செய்தது காது மட்டும்தான்.

கட்டிலில் கிடத்தி, குழாயை மூக்கில் கொளுவி, தலையணையை உயர்த்தினார்கள். மணி ஓய்ந்தது.

"செத்தது ஆர் பிள்ளை?" என்றார் அப்பா.

யசிந்தா கோயிலில் மறைக்கல்வி ஆசிரியை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். பழக்கமில்லாதவர்கள் பொய் சொல்லும்போது கண்ணுக்கு முன்னால் இருப்பதை எடுத்துச் சொல்லிவிடுவார்கள். யன்னலுக்கு வெளியே, வெள்ளைச் சாரத்தோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒருவர் படலையடிக்கு வந்துகொண்டிருந்தார்.

"யாகப்பு மாமா, அப்பா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது. அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த இந்தப் பதின்மூன்று வருசத்தில் அந்தப் பெயரை வீட்டுக்குள் யாரும் சொன்னதில்லை. அதற்கு முதல் இந்தியாவில் இருந்த இருபத்தொரு வருசமும் சொன்னார்கள், ஆனால் ஒரு மனிசரின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னதில்லை.

அப்பா கண்ணை மூடினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. யசிந்தா துடைத்துவிட்டாள். ஏன் அழுகிறார் என்று கேட்கவில்லை. சந்தோசத்தில் அழுகிறாராக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக மனதுக்குள் ஒரு மனஸ்தாப மந்திரமும் சொன்னாள்.

முற்றத்தில் கோயில் மூப்பர் சந்தனத்தை நாலு பேர் பிடித்து வைத்திருந்தார்கள். மணி அடித்தது அவர்தான்.

"நான் என்ன செய்ய?" என்றார் சந்தனம். "அம்புலன்ஸ் ஊரைவிட்டுப் போகேக்க ஆள் உயிரோட போகும். திரும்பி வரேக்க எப்பிடி வரும்? நாப்பது வருசமா மணி அடிக்கிறன். ஒருக்காவெண்டாலும் உயிரோட ஆரையும் கொண்டு வந்து இறக்கியிருக்கினமே? நீங்களே சொல்லுங்கோ."

பிடித்திருந்த நாலு பேரும் கையை விட்டார்கள்.

அதற்குள் பந்தல்காரர் தறப்பாளோடு வந்து இறங்கிவிட்டார். அறுபது பிளாஸ்ரிக் கதிரையும் வந்துவிட்டது. மில்ரன் திருப்பி அனுப்பப் பார்த்தான்.

"இப்ப ஏத்திக்கொண்டு போய்ப் பின்னேரம் திரும்ப இறக்கிறதோ?" என்று கேட்டார் பந்தல்காரர். "கிடக்கட்டும் தம்பி. கதிரை என்ன சோறா, பழுதாப்போறதுக்கு?"

கதிரை போட்டிருந்தால் ஆட்கள் இருப்பார்கள். ஆட்கள் இருந்தால் தேத்தண்ணி ஊற்றவேண்டும். பத்து மணிக்கெல்லாம் சிங்கராசாவின் சாவு வீடு நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது, சிங்கராசாவைத் தவிர வேறு குறை எதுவும் இல்லாமல்.

பங்குத்தந்தை றொட்னி மோட்டச்சைக்கிளில் வந்தார். முப்பத்தொரு வயது. வெள்ளை அங்கியின் கீழ் சப்பாத்து தெரிந்தது. விசயத்தைக் கேட்டு ஹெல்மெற்றைக் கழற்றினார்.

"கடவுளின்ர ஞானத்தில பிழை வராது" என்றார். "சந்தனத்தின்ர அவசரத்திலயும் ஏதோ ஒரு திட்டம் இருக்கும். எங்களுக்கு அது இப்ப விளங்காது."

"அதைத்தான் ஃபாதர் நானும் சொன்னனான்" என்றார் சந்தனம்.

றொட்னி அடிகள் இந்தப் பங்குக்கு வந்த கையோடு ஆன்மீக முதிர்ச்சிப் பயிற்சி என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார். பன்னிரண்டு பாடம், மூன்று படி, முடிவில் லமினேற் பண்ணிய சான்றிதழ். மூன்றாம் படியை முடித்தவர்கள் ஊரில் ஐந்து பேர். ஐந்து பேரும் தங்களுக்குள் பெரிதாகக் கதைப்பதில்லை. அதில் யசிந்தாதான் முதலாவது. ஒன்பதாம் பாடத்தை நடத்துகிற பொறுப்பும் அவளுடையது: தேவ ஞானமும் முதிர்ந்த விசுவாசமும்.

அந்தப் பாடத்துக்கு அவளிடம் ஓர் உதாரணம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு, இந்தியாவுக்கு ஓடியபோது, யாகப்பு என்றொருவருடைய வள்ளத்தில் இருபத்து மூன்று பேர். எஞ்சின் இழுக்காது, எண்ணெயும் காணாது என்று சொல்லி நடுக்கடல் மணல்திட்டியில் எல்லாரையும் இறக்கிவிட்டு, தண்ணீரும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு விடியமுதல் வருகிறேன் என்று போனவர் வரவேயில்லை. அடுத்த நாள் மத்தியானம் அவளுடைய அண்ணன் றெனால்ட் தாகத்தில் செத்துப்போனான். நாலு வயது. பின்னேரம் இராமேஸ்வரத்து மீன்காரர் வந்து மற்றவர்களை ஏற்றினார்கள். அதுவரை கோயில் பக்கம் போகாத அவளுடைய அப்பா முகாமில் செபமாலையைக் கையில் எடுத்தார். இரண்டு வருசத்தில் அவள் பிறந்தாள். இன்றைக்கு இந்த வகுப்பில் நின்று கதைக்கிறாள்.

"சின்ன விசுவாசம் 'ஏன்' எண்டு கேக்கும். முதிர்ந்த விசுவாசம் கேக்காது" என்று முடிப்பாள். "யாகப்பு வராத இடத்துக்குத்தான் ஆண்டவர் வந்தவர்."

அந்த இடத்தில் எல்லாரும் கொப்பியில் எழுதுவார்கள். யாராவது ஒருவர் அழுவார். ஒருமுறை ஃபாதரே அழுதார்.

அப்பா அந்தப் பயிற்சிக்கு ஒரே ஒருநாள், ஒன்பதாம் பாடத்தன்று, போனார். பாதியில் எழும்பி வந்து, "சொன்னதெல்லாம் வடிவாத்தான் இருந்தது" என்று மட்டும் சொன்னார். பிறகு போகவில்லை. மகளுடைய சான்றிதழை மட்டும் யேசுவின் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்துத் தானே கொளுவிவிட்டார்.

"பிள்ளை."

யசிந்தா கட்டிலடிக்குப் போனாள்.

"அலுமாரியில என்ர வெள்ளைச் சேர்ட்டை எடு. என்னை ரெண்டுபேராத் தூக்குங்கோ. அவன்ர வீட்ட போகவேணும்."

"ஆற்ற வீட்ட?"

"யாகப்புவின்ர. சாவு வீடுதானே. போகலாம்."

போகலாம் என்று அவர் சொன்னதில் ஒரு சட்டம் இருந்தது. சாவு வீட்டுக்குக் கோபம் பார்ப்பதில்லை. எவ்வளவு பகை என்றாலும் மணி கேட்டால் வரலாம். யாரும் கூப்பிடத் தேவையில்லை, யாரும் தடுக்கவும் கூடாது. இந்த வசதிக்காகவே மற்றவர் சாகும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறவர்கள் ஊரில் உண்டு. யாகப்பு இன்றைக்கு முதல் ஆளாக வந்து நின்றதும் அந்தச் சட்டப்படிதான். வந்த பிறகு ஆள் சாகவில்லை என்று தெரிந்திருக்கிறது. உள்ளே வரவும் முடியாமல், திரும்பிப் போகவும் வெட்கப்பட்டு, பந்தலின் கடைசிக் கதிரையில் இருந்தார். தேத்தண்ணித் தட்டு இரண்டு தரம் அவரைத் தாண்டிப் போனது.

"இந்த நிலையில எப்பிடி அப்பா போறது? படுங்கோ."

"நான் அவனிட்ட ஒண்டு சொல்லவேணும்."

"செத்த ஆளிட்டயோ?"

"உயிரோட இருந்தவனிட்ட சொல்லேல்லையே" என்றார் அப்பா.

அதன்பிறகு அவர் சொன்னதைத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் சிலிண்டர் சீறியது.

"அவன் வந்தவன், பிள்ளை."

யசிந்தாவுக்கு விளங்கவில்லை.

"மணல்திட்டிக்கு. விடியப்புறம். இருட்டு. அவன்ர எஞ்சின் இருமும். நூறு வள்ளத்துக்குள்ளயும் எனக்குத் தெரியும். எங்களைத் தேடிச் சுத்தி வந்தவன். தூரத்தில வேற ஒரு வெளிச்சமும் தெரிஞ்சது. நேவியோ, மீன்காரனோ, தெரியாது. அந்த வெளிச்சத்துக்குப் பயந்து, சத்தம் போடாதேங்கோ, இது நேவி எண்டு எல்லாருக்கும் சொன்னனான். கொம்மாவுக்கும். அவளும் உண்மை தெரியாமலே செத்துப்போனவள். ஒருத்தரும் மூச்சு விடேல்லை. றெனால்ட்தான் தண்ணி தண்ணி எண்டு அழுதவன். நான் அவன்ர வாயைப் பொத்திப் பிடிச்சனான்."

சிலிண்டர் சீறியது.

"யாகப்பு ரெண்டு சுத்துச் சுத்தினவன். பிறகு சத்தம் தூரப் போயிட்டுது."

மில்ரன் யேசுவின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவன் ஊரெல்லாம் சொன்னவன், நான் திரும்பிப் போனனான் எண்டு. ஒருத்தரும் நம்பேல்லை. அவன் வரேல்லை எண்டு நான் சொன்னதைத்தான் நம்பினவை. ஏனெண்டால் செத்தது என்ர பிள்ளை. அதுக்குப் பிறகு அவன்ர வள்ளத்தில ஒருத்தரும் ஏறேல்லை. வள்ளத்தையும் வித்திட்டான். மீன் வாடியில ஐஸ் உடைச்சுத்தான் சீவிச்சவன்."

"பாவசங்கீர்த்தனத்தில சொன்னீங்களோ அப்பா?"

"ஃபாதர் சின்னப் பெடியன். பாவம், பயந்து போவார்."

"வெளியிலதான் நிக்கிறார். கூப்பிடட்டோ?"

"அவருக்கு ஏன்?" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். கோபமில்லாத பார்வை. "நீ படிப்பிக்கிறனீ, முதிர்ந்தால் ஆண்டவரின்ர ஞானம் விளங்கும் எண்டு. எனக்கு அண்டைக்கு மத்தியானமே விளங்கிப்போட்டுது, பிள்ளை. விளங்கினதோடதான் இவ்வளவு காலமும் இருந்தனான். சேர்ட்டை எடு."

இரண்டு வரிதான். 'அப்பா, நான் பொய் சொல்லிப்போட்டன். யாகப்பு மாமா வெளியில இருக்கிறார்.' யசிந்தா வாயைத் திறந்தாள். சாகக் கிடக்கிற ஆளிடம் காலையில் சொன்ன பொய்யைப் பத்தரைக்கு ஒப்புக்கொள்வது எப்படி என்று எந்தப் பாடத்திலும் இல்லை. "சேர்ட்டைப் போட்டுவிடுங்கோ, வாறன்" என்று மில்ரனிடம் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

பந்தலுக்குள் சாவு வீட்டுச் சூதாட்டம் இன்னும் தொடங்கவில்லை. அதற்கு ஆள் செத்திருக்கவேண்டும். மூன்றாம் படி முடித்த யசோதா அக்கா வந்து கையைப் பிடித்தாள். "கலங்காத யசி. நீயே படிப்பிச்சதுதானே" என்றாள். யசிந்தா கையை விடுவித்துக்கொண்டு கடைசிக் கதிரைக்குப் போனாள்.

யாகப்பு எழுந்து நின்றார். கட்டையான மனிசர். வருசக்கணக்கில் ஐஸ் பெட்டி சுமந்ததில் ஒரு தோள் இறங்கியிருந்தது. இவ்வளவு கிட்டத்தில் அவரை அவள் பார்த்ததேயில்லை.

"நான் போறன் பிள்ளை. செத்த வீடெண்டு வந்தனான். குறை நினையாத."

"உள்ள வாங்கோ மாமா."

மாமா என்றதில் அவர் கொஞ்சம் தடுமாறினார். "உயிரோட இருக்கிற ஆளின்ர வீட்டுக்குள்ள நான் எப்பிடி வாறது? கொப்பர் கூப்பிட்டவரோ?"

"நான் கூப்பிடுறன்."

"நீ கூப்பிட்டுக் காணாது."

யசிந்தா சுற்றிப் பார்த்தாள். குரலை இறக்கினாள். "மணிச்சத்தம் கேட்டு ஆரெண்டு கேட்டவர். நான் உங்கட பேரைச் சொல்லிப்போட்டன். நீங்கள் செத்திட்டீங்கள் எண்டு."

யாகப்பு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார். பல் குறைந்த வாய். "நல்ல வேலை. கேட்டுட்டுச் சந்தோசப்பட்டிருப்பார்."

"அழுதவர்."

சிரிப்பு நின்றது. சாரத்தின் தலைப்பை எடுத்து இல்லாத ஒரு ஊத்தையைத் தட்டினார்.

"அப்ப நான் செத்ததாவே இருக்கட்டும்" என்றார். "உயிரோட போய் நிண்டு அதையும் ஏன் கெடுக்கிறது?"

"உங்களிட்ட ஒண்டு சொல்லவேணுமாம். உங்கட வீட்ட வாறதுக்கு வெளிக்கிடுறார், மாமா. சேர்ட் போடுறார்."

அது என்ன என்று அவர் கேட்டிருக்கலாம். அவளும் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அது அப்பா சொல்லவேண்டியது, அவருடைய வாயால் வரவேண்டியது என்று நினைத்தாள். நியாயமான நினைப்புத்தான். அதற்கு ஒரு மூன்று நிமிசம் செலவானது.

யாகப்பு தண்ணித் தொட்டியடிக்குப் போனார். காலைக் கழுவினார். கழுவின காலை மறுபடியும் கழுவினார். முகத்தில் தண்ணீர் அடித்து, சேர்ட்டின் மேல் பொத்தானைப் போட்டார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, அதை ஓரமாக, மற்றச் செருப்புகளோடு சேராமல் வைத்தார்.

அறைவாசலில் மில்ரன் நின்றான். கட்டிலில் அப்பா இருந்தார், ஒரு கை சேர்ட்டுக்குள்ளும் மற்றது வெளியிலுமாக. சிலிண்டர் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. பிறகு மில்ரன் போய் அதையும் பூட்டினான்.

காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகையை முற்றத்துப் பெண்கள் அவிழ்த்துவிட்டார்கள். சந்தனம் யன்னலடியில் வந்து நின்று, "ஃபாதர், இன்னொருக்கா அடிக்கட்டோ?" என்று கேட்டார். ஃபாதர் யோசித்தார். "காலமை அடிச்சது காணும்" என்றார்.

இப்போது இது சாவு வீடு. யாகப்பு உள்ளே வரலாம். வந்தார். அவரோடு மற்ற எல்லாரும் வந்தார்கள், ஃபாதர், யசோதா அக்கா, மூன்றாம் படி, இரண்டாம் படி, பந்தல்காரர்கூட. யாகப்புவைக் கண்டதும் முன்னால் நின்றவர்கள் விலகினார்கள். அழுதுகொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இருபத்து மூன்று பேரை மணலில் விட்டுவிட்டுப் போனவர் சிங்கராசாவின் கட்டிலடியில் நிற்பதை ஊர் பார்த்துக்கொண்டு நின்றது.

அவர் அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு யசிந்தாவிடம் திரும்பினார்.

"என்னவோ சொல்ல இருந்தவர் எண்டனீ. என்ன பிள்ளை?"

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

யசிந்தா மில்ரனைப் பார்த்தாள். மில்ரன் நிலத்தைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். சுவரில் யேசு இருந்தார், பக்கத்தில் அவளுடைய சான்றிதழ் இருந்தது. அடுத்த வகுப்பு ஞாயிற்றுக்கிழமை. யசோதா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்கத் தயாராக நின்றாள். 'வந்தவன்' என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்கு அப்பாவின் கையும் அண்ணனின் வாயும் வெளியில் வரவேண்டும். கட்டிலில் கிடக்கிறவர் இன்னொருதரம், வேறு விதமாகச் சாகவேண்டும்.

"உங்களை மன்னிச்சிட்டாராம்" என்றாள்.

யாகப்பு ஓர் எட்டுக் கிட்ட வந்தார்.

"அப்பிடித்தான் சொன்னவரோ?"

"ஓம்."

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் அவளுடைய முகத்தைப் பார்த்தார், தூரத்தில் வெளிச்சம் ஏதும் தெரிகிறதா என்று பார்க்கிற ஆளைப்போல. பிறகு தலையைக் குனிந்து, "சரி" என்றார். யசோதா அக்கா விம்மினாள். யாரோ அவருக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார்கள். யாரோ தேத்தண்ணி கொடுத்தார்கள். அவர் வாங்கிக் குடித்தார்.

அடுத்த நாள் அடக்கப் பூசையில் றொட்னி அடிகள் இருபத்தைந்து நிமிசம் பிரசங்கம் வைத்தார். ஆன்மீக முதிர்ச்சி என்றால் என்ன என்று இந்தப் பங்குக்கு ஒரு வருசமாகத் தான் படிப்பித்துக்கொண்டிருக்க, ஒரு வகுப்பையும் முழுதாக இருந்து கேட்காத ஓர் ஏழை மீனவர் ஒரே சொல்லில் படிப்பித்துவிட்டுப் போய்விட்டார் என்றார். தன் பிள்ளையின் சாவுக்குக் காரணமானவரை மன்னிக்கிற அந்த ஞானம் உலகத்தின் ஞானம் அல்ல என்றார். மூப்பர் மணியைப் பிந்தி அடித்திருந்தால் இந்த இருவரும் ஒரு கூரையின் கீழ் வந்திருப்பார்களா என்று கேட்டார். சந்தனம் முன் வாங்கில் நிமிர்ந்து இருந்தார். சாவுப் பூசையில் கைதட்டக்கூடாது என்பதால்தான் யாரும் கைதட்டவில்லை.

"தலைமாட்டுப் பக்கம் யாகப்பு ஐயா பிடிக்கட்டும்" என்றார் ஃபாதர். "மன்னிப்புப் பெற்றவர் பிடிக்கட்டும்."

பெட்டியை ஆறு பேர் தூக்கினார்கள். யாகப்பு மற்ற எல்லாரையும்விட ஒரு சாண் கட்டை. வெளிக்கிட்ட உடனேயே பெட்டி அவருடைய மூலைக்குச் சரிந்தது. உள்ளே உடம்பு நகர்கிற சத்தம் கேட்டது. சேமக்காலைக்குக் கடற்கரை றோட்டால் முக்கால் கிலோமீற்றர். வெயில். கச்சான் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது.

முதல் வளைவில் மில்ரன் பின்னாலிருந்து சொன்னான். "மாமா, பாரம் முழுக்க உங்கட பக்கம்தான் வருது. விடுங்கோ, ஆளை மாத்துவம்."

"பறவாயில்லை தம்பி."

"தோள் போயிடும் மாமா."

"நடவுங்கோ" என்றார் யாகப்பு.

யசிந்தா பெட்டிக்குப் பின்னால் நாலடி தள்ளி நடந்துகொண்டிருந்தாள். யாகப்புவின் வெள்ளைச் சேர்ட்டு முதுகுப் பக்கம் முழுதாக நனைந்திருந்தது. அவள் கிட்டப் போனாள். வாயைத் திறந்தாள். செபமாலையின் அடுத்த பத்து மணிகள் தொடங்கவேண்டிய நேரம். மந்திரத்தின் முன்பாதிக்குப் பெண்கள் அவளைப் பார்த்தார்கள். அவள்தான் எப்போதும் எடுத்துக் கொடுப்பவள். எடுத்துக் கொடுத்தாள்.